செகண்ட்ஸ்

செக்கிங் டேபிளில் பதினோரு வருஷம்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் தாண்டல்,
கழுத்துப்பட்டிக் கோணல் என்று
ஸ்டிக்கர் ஒட்டுகிற கை இது.
பேய்ப்படத்துக்குப் போனாலும்
சும்மா இருக்க மாட்டேங்குது.

சனிக்கிழமை சம்பளம், ராத்திரி ரெண்டாம் ஆட்டம்.
நான், ஓவர்லாக் பொன்னுக்குட்டி,
அயர்னிங் பீதாம்பர்.
ஒடிசாக்காரன். அவனுக்குத் தெரிந்த தமிழ்
பீஸ், சீக்கிரம், டீ.

கழிக்க வேண்டியதை முதலில் கழிச்சுரலாம்.
கொலுசுச் சத்தத்தை மட்டும் நம்பிப்
பிழைப்பு நடத்துகிற பேய்: ரிஜெக்ட்.
கதவு ஒருதரம் திறந்தால் பூனை,
மறுதரம் திறந்தால் காற்று,
மூன்றாவதுக்குத்தான் அவள் என்று
முறுக்கு விற்கிற பையனுக்கே தெரியும்.
அப்பறம் எதுக்குங்க அத்தனை வயலின்?
கடைசி ரீலில் சாமியார் வந்து
பேய்க்கு நியாயம் சொல்லுவார்.
அதற்குத் தனியாக ஒரு ஸ்டிக்கர் வேண்டும்.

கோடி கொட்டி எடுத்த கம்ப்யூட்டர் பேய்
ஒரு நூல் பிசிறில்லாமல் வரும்.
ஏ கிரேடு. பாலித்தீன் பையில் போட்டு
அமெரிக்காவுக்கு அனுப்பிரலாம்.
எனக்கு வேர்க்கவே இல்லை.
ஏசியும் ஒரு காரணம்.

நமக்குப் பிடித்தது செகண்ட்ஸ்.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில்
குவித்துப்போட்டு விற்கிறார்களே, அதுமாதிரி.
ஒரு கை நீளமாக இருக்கும்,
உடம்புக்கு மெத்தென்று இருக்கும்.

‘நள்ளிரவு நாகப்பிணம்’ என்று ஒன்று வந்தது.
பாதிப் பாம்பு, பாதிப் பிணம்,
முதுகில் முழுநீள ஜிப்.
அதன் தோலைப் பார்த்ததும்
பொன்னுக்குட்டி என் தொடையைக் கிள்ளினாள்:
“ஏனுங்க்கா, இது நம்ம துணியுங்க்கா.”

நம்ம துணிதான்.
பாசிப்பச்சை ஃபிலீஸ். சாயம் திட்டுத்திட்டாய் ஏறி
பையர் தள்ளிவிட்ட லாட், நானூறு கிலோ.
ஸ்டிக்கர் ஒட்டினது நான்.
அந்த வாரம் முழுக்கச் சாயப்பட்டறைக்காரர்
கம்பெனி வாசலில் குத்தவைத்திருந்தார்,
யாரோடும் பேசாமல்.

நாகப்பிணம் மிராசுதாரின் கழுத்தைக் கடித்தது.
தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
திட்டுத்திட்டான அந்தப் பச்சை
தோலாகவே இருந்தது.
சாயம் ஒழுங்காக ஏறியிருந்தால்
வெறும் துணி.

நிஜமாகப் பயந்தது ஒரே ஒரு படத்துக்கு.
பேர்கூட மறந்துபோச்சு.
பல்லடம் பக்கம் எடுத்திருப்பார்கள்:
நீளமான கோழிப்பண்ணை, ஒரு கோழி இல்லை,
கோடியில் ஒரு பல்பு.
ஒருத்தி நின்று “யாரு?” என்று கேட்கிறாள்.
பதில் இல்லை.
கேமரா அவளோடு சேர்ந்து நிற்கிறது.
இடைவேளை விட்டார்கள். வந்து உட்கார்ந்தோம்.
அவள் அங்கேயே நிற்கிறாள். “யாரு?”
கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

“பேய்க்குக் குடுக்கக் காசில்லைங்க்கா,
அதான் வரலே” என்றாள் பொன்னுக்குட்டி.
இருக்கலாம்.
காசிருந்தால் வந்திருக்கும்,
வந்திருந்தால் ஜிப்பைத் தேடியிருப்பேன்.

பீதாம்பர் முழங்காலைக் கட்டிக்கொண்டு
சீட்டுமேல் உட்கார்ந்திருந்தான்.
வெளியே வந்ததும் கேட்டான்,
“யாரு, யாரு... என்னா?”
பொன்னுக்குட்டி தன்னைத் தொட்டுக் காட்டினாள்,
என்னைத் தொட்டுக் காட்டினாள்,
அப்புறம் தெருவில் ஆளில்லாத இடத்தைக் காட்டி
கையை விரித்தாள்.
நாலாவது வார்த்தை.

ராத்திரி ரெண்டு மணி.
நொய்யல் பாலம் தாண்டி நடந்தோம்.
ஆற்றில் என்றைக்கும்போல நுரை.
கம்பெனி குடோன் ஷட்டர்
முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது.
உள்ளே இருட்டு.

பீதாம்பர் நின்றான்.
“யாரு?” என்றான்.
சுத்தமான உச்சரிப்பு, ஒரு பிசிறில்லை.

நாங்கள் மூணுபேரும்
ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டோம்.

கொஞ்ச தூரம் போனதும்
இடைவேளையில் வாங்கின முறுக்கு
இன்னும் ரெண்டு இருக்குது என்று
பொன்னுக்குட்டி பையை நீட்டினாள்.